சக்கரத்தின் மேல் ஒரு வீடும் அதன் கூரையில் கதிரவனும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியமும் மொழியும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் நம்மிடம் ஒப்படைத்த பொருள் சற்றே வேறானது. நம் காலனிக் குடும்பங்கள் சில ஒன்றுகூடி ஒரு பழைய வேனை வாங்கி, அதனை உறங்கவும் உண்ணவும் ஏற்ற வீடாக மாற்றி, அதன் கூரையில் சோலார் தகடு பதிக்க எண்ணியிருக்கின்றன என்பது இங்குள்ளோர் பலரும் அறிந்த செய்தி. ஓணத்தை ஒட்டிக் கிடைத்த போனஸ் பணத்தில் பெரும்பகுதி இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. விற்பனையாளர் ஒருவர் வந்து, கூரைமேல் இரண்டு தகடு போதும், இரவு முழுதும் குளிர்சாதனம் ஓடும் என்று சொல்லிச் சென்றிருக்கிறார். அது மெய்யா என்று ஆராய்ந்து கூறுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டனர். நாம் மின்பொறியாளர் அல்லோம். ரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைப்பவர். எனினும் இப்பொருளை நுணுகிப் பார்த்தால், இது பொறியியலைக் காட்டிலும் வரவு செலவுக் கணக்கையே மிகுதியும் சார்ந்தது என்பது புலனாகின்றது. அத்துணிவால் பேசுகின்றோம்.

வண்டியை வீடாகக் கொள்வது நமக்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் குலதெய்வக் கோயிலுக்குக் கூண்டு வண்டி கட்டிச் சென்றனர். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே சமுக்காளம் விரித்துக் குழந்தைகளை உறங்கவைத்தனர். வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். கோயில் இருப்பதோ ஊருக்கு வெளியே, ஒரு வேப்பமரத்தடியிலோ ஆற்றங்கரையிலோ. அங்கே மூன்று கல் கூட்டிப் பொங்கலிட்டு, இரவு தங்கி, விடிந்தபின் திரும்புவர். இன்றும் அக்கோயில்கள் பலவற்றில் மின்கம்பம் இல்லை, விடுதியும் இல்லை. கஞ்சிக்கோட்டில் பிழைக்க வந்த நாம், ஆடியிலும் மாசியிலும் நம் ஊர்த் திருவிழாவுக்குச் செல்லும்போது, வயதான தாயாரை எங்கே படுக்கவைப்பது, கைக்குழந்தைக்குக் காற்றுக்கு என் செய்வது, சர்க்கரை நோயாளிக்கு வேண்டிய இன்சுலின் மருந்தை எவ்வாறு குளிர்ச்சியாக வைப்பது என்று திகைப்பது ஒவ்வோராண்டும் நிகழ்வதே. ஆகவே, இக்குடும்பங்களின் எண்ணத்தை ஆடம்பரம் என்று எவரேனும் கூறினால் அதனை நாம் ஒப்புவதற்கில்லை.

கேரள அரசும் இத்துறையில் நாட்டம் கொண்டுள்ளது. 2021-ஆம் ஆண்டில் ‘கேரவன் கேரளா’ என்னும் பெயரால் ஒரு சுற்றுலாக் கொள்கையை அது வெளியிட்டது. அடுத்த ஆண்டிலேயே இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் கேரவன் வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கான பூங்கா திறக்கப்பட்டது. அத்தகைய பூங்காக்களில் மின்சாரம் தரப்படும். கம்பியைச் செருகினால் போதும். நம்முடைய தேவை அதுவன்று. கம்பியே இல்லாத இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். அதற்கு மின்சாரத்தை நாமே ஈட்டி, நாமே சேமித்து, நாமே செலவிட வேண்டும்.

தமிழ் இளைஞர் ஒருவர் இதனைச் செய்து காட்டியிருப்பதை முதலில் சொல்லிவிடுவோம். நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த அருண் பிரபு என்னும் கட்டடக்கலை பயின்றவர், 2019-ஆம் ஆண்டில் ஓர் ஆட்டோ ரிக்‌ஷாவின் மேல் 36 சதுர அடியில் ஒரு வீடு சமைத்தார். படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை யாவும் அதனுள் அடங்கின. கூரைமேல் 600 வாட் சோலார் தகடு. 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாயில் முடித்தார். அவ்வீட்டில் குளிர்சாதனம் வைக்க அவர் முற்படவில்லை என்பதைக் கருத வேண்டும். இடத்தையும் எடையையும் வாட்டையும் அளந்து அளந்து செய்த வேலை அது. அளந்தமையால்தான் நின்றது.

இனி நம் ரயில்வேக்கு வருவோம். ஓடும் வீட்டில் விளக்கெரிப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு ரயில்வேதான் முதலில் விடை கண்டது எனலாம். ஊருக்கு ஊர் கம்பம் நட்டு, ஓடும் பெட்டிக்கு மின்சாரம் தர இயலுமா? இங்கிலாந்தில் ஸ்டோன் என்னும் நிறுவனத்தார், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் இறுதியில், பெட்டியின் அச்சோடு வாரால் பிணைத்த டைனமோவையும், அதனோடு ஒரு பேட்டரித் தொகுதியையும் அமைத்தனர். வண்டி ஓடும்போது சக்கரம் டைனமோவைச் சுழற்றும்; விளக்கும் எரியும், பேட்டரியும் நிறையும். நிலையத்தில் வண்டி நிற்கும்போது பேட்டரி விளக்கைத் தாங்கும். கேட்பதற்கு எளிது. ஆனால் வண்டி நெடுநேரம் நின்றுவிட்டாலோ, பேட்டரி பழையதாகிவிட்டாலோ விளக்கு மங்கிச் செந்நிறமாகும். விசிறி சோர்ந்து நிற்கும். பழைய பாசஞ்சர் வண்டிகளில் கோடைக்காலத்தில் பயணம் செய்தோர்க்கு இது தெரியும். ஓட்டம் வரவு, விளக்கும் விசிறியும் செலவு, பேட்டரி கையிருப்பு. வரவின்றிச் செலவு நீடித்தால் கையிருப்புத் தீரும். இதில் மறைபொருள் ஒன்றுமில்லை.

சோலார் தகடு செய்வது யாதெனின், வரவின் ஊற்றை மாற்றுவதே. சக்கரம் சுழலும்போது வந்த வரவு, இப்போது கதிரவன் காயும்போது வருகிறது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர் 1954-ஆம் ஆண்டில் சிலிக்கானால் ஆன சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினர். தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றில் ஆறு பங்கையே அது மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் தகடு நூற்றில் இருபது பங்குக்குமேல் ஆக்குகிறது. அதனை முதன்முதல் அணிந்து புறப்பட்ட பயணியரில் ஒன்று 1958-இல் விண்ணில் ஏவப்பட்ட வான்கார்டு என்னும் செயற்கைக்கோள். கம்பி எட்டாத இடத்திற்கே இப்பொருள் முதலில் சென்றது என்பது நினைவிற்குரியது.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு சூலையில் டில்லியில் ஒரு டீசல் தொடர்வண்டி ஓடத் தொடங்கிற்று. அதன் பெட்டிகள் நம் பெரம்பூரில் கட்டப்பட்டவை. அவற்றுள் ஆறு பெட்டிகளின் கூரைமேல் 300 வாட் தகடுகள் பதினாறு வீதம் பதிக்கப்பட்டன. அவற்றால் எரிந்தவை விளக்குகள், சுழன்றவை விசிறிகள், ஒளிர்ந்தவை அறிவிப்புப் பலகைகள். வண்டியை இழுத்தது டீசலே. அத்தனை நீண்ட கூரையில் பதினாறு தகடு பதித்த பின்னும், அதற்கு விளக்கும் விசிறியும் மட்டுமே பொறுப்பாக ஒப்படைத்தனர் நம் பொறியாளர்கள். (நம் கஞ்சிக்கோட்டிலும் ரயில் பெட்டித் தொழிற்சாலை வரும் என்று 2012-இல் அடிக்கல் நாட்டினர். அக்கல்லைப் பற்றி இன்று பேசுவதற்கில்லை.)

அதே 2017-இல், சனவரியில், வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே வேம்பநாட்டுக் காயலில் ‘ஆதித்யா’ என்னும் பயணிகள் படகு ஓடத் தொடங்கியது. வைக்கம் என்றவுடன் தமிழர்க்கு 1924-உம் பெரியாரும் நினைவுக்கு வருவது இயல்பு. இப்போது வேறொரு காரணத்துக்காகவும் நினைக்கலாம். எழுபத்தைந்து பேரை ஏற்றிச் செல்லும் அப்படகு சூரிய ஒளியால் இயங்குகிறது. ‘படகே ஓடும்போது நம் வேனில் குளிர்சாதனம் ஓடாதா’ என்று இளைஞர் சிலர் கேட்டனர். நல்ல கேள்வி. விடையும் கணக்கிலேயே உள்ளது. அப்படகின் அகன்ற கூரையில் 20 கிலோவாட் தகடுகள் உள்ளன. நீரின்மேல் மெல்லச் செல்லும் படகுக்கு ஆற்றல் குறைவாகவே வேண்டும். கரை திரும்பியபின் கம்பியிலிருந்தும் பேட்டரியை நிரப்பிக்கொள்கிறது. நம் வேனின் கூரையில் 20 கிலோவாட் எங்கே வைப்பது?

ஆதலின் நம் வேனுக்கே பேரேடு திறப்போம். ஐந்து பேர் ஓர் இரவும் ஒரு பகலும் தங்குவதாகக் கொள்வோம். முதலில் செலவு. ஏழு வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 140 வாட்-மணி. நேர்மின்சாரத்தில் ஓடும் விசிறி இரண்டு, ஒன்றுக்கு 30 வாட் வீதம், இரவு ஒன்பது மணி நேரத்துக்கு 540. கைப்பேசி ஐந்துக்கும் 75. தண்ணீர் ஏற்றும் சிறு மோட்டாருக்கு 30. மருந்தும் பாலும் வைக்கும் சிறு குளிர்பெட்டிக்கு நாள் ஒன்றுக்கு 500 அளவில் ஆகும். கூட்டினால் 1,285. வீட்டு மீட்டர்க் கணக்கில் சொன்னால் ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல்.

அடுத்து வரவு. 430 வாட் தகடு என்றால் அது நாள் முழுதும் 430 வாட் தரும் என்று பொருளன்று. உச்சி வெயிலில், ஆய்வுக்கூட நிலையில் தருவது அது. காலையும் மாலையும் குறைந்த ஒளியையெல்லாம் சேர்த்து, முழு வெயில் நேரமாக மாற்றினால், நம் பகுதியில் நல்ல நாளில் நான்கு மணியும் அதற்குச் சற்று மேலும் தேறும். நான்கு என்றே கொள்வோம். வரவைக் குறைத்தும் செலவைக் கூட்டியும் எழுதுபவரே நல்ல கணக்கர். நான்கு மணிக்கு 1,720 வாட்-மணி. வெப்பத்தாலும் கம்பியாலும் பேட்டரியில் போட்டு எடுப்பதாலும் கால் பங்கு கழியும். மிகுவது 1,290. செலவு 1,285. ஆகா, சரியாகப் பொருந்திற்று என்று மகிழ வேண்டா! வானம் மூடிய நாளில் வரவு பாதியாகும். அடர்ந்த மழைமேகத்தில் அதனினும் குறையும். ஆகவே ஒரு தகடு போதாது, இரண்டு வேண்டும். விற்பனையாளர் சொன்ன இரண்டு தகடு என்பது தவறன்று. அவ்விரண்டும் விளக்குக்கும் விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் போதுமானவை. குளிர்சாதனத்துக்கு அல்ல.

குளிர்சாதனக் கணக்கையும் எழுதிப் பார்த்துவிடுவோம். ஒரு டன் இயந்திரம் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் உண்ணும். எட்டு மணி நேரத்தில், இடையிடையே தானே நின்று நின்று ஓடினாலும், ஆறு யூனிட்டுக்குக் குறையாது. வேனின் கூரையில், காற்றுப்போக்கி வைத்த இடம் போக, நான்கு தகடுகளை நெருக்கி அடுக்கலாம். நான்கிற்கும் சேர்த்து நல்ல வெயிலில் ஐந்து யூனிட் வரும். கூரை முழுதும் மூடியும் ஒரு துண்டு விழுகிறது. விளக்கும் விசிறியும் இன்னும் கணக்கில் சேரவில்லை. அந்த ஆறு யூனிட்டைச் சேமிக்கும் பேட்டரியின் விலையோ வேனின் விலையை எட்டிப் பார்க்கும்.

இங்கேதான் ஆபத்து நுழைகிறது. குளிர்சாதனத்தை வேனில் பொருத்தியாயிற்று, தகடு தாங்கவில்லை, நடு இரவில் குழந்தை அழுகிறது. அப்போது என்ன செய்வார்கள்? ஜெனரேட்டரை ஓட்டுவார்கள், அல்லது வண்டியின் என்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உறங்குவார்கள்.

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். காயம் இல்லை, சண்டை இல்லை. கோழிக்கோட்டுத் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வல்லுநர் குழு அவ்வண்டியையே ஓடவிட்டு ஆராய்ந்தது. ஜெனரேட்டரின் புகை, வண்டியின் தளத்தில் இருந்த ஒரு துளை வழியே உள்ளே ஏறியிருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் உள்ளிருந்த காற்றின் பத்து லட்சம் பங்கில் 957 பங்கு கார்பன் மோனாக்சைடு சேர்ந்தது என்று கண்டனர். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியில் உயிர்க்காற்றைச் சுமக்கும் பொருள், உயிர்க்காற்றைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இந்நஞ்சைப் பற்றிக்கொள்கிறது. தலைவலியும் மயக்கமும் வரும். உறங்குபவர் அதனை உணர்வதற்குள் எழும் வலிமையை இழந்துவிடுவார். மழைக்கும் கொசுவுக்கும் அஞ்சிக் கதவடைத்துப் படுக்கும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள்.

தாய்மார்களே, சோலார் தகடு நம் வேனுக்கு ஏன் வேண்டும் என்பதற்கு நாம் காணும் முதற்காரணம் இதுவே. மின்கட்டணம் மிச்சமாகும் என்பதன்று. ஊரார் வியப்பர் என்பதுமன்று. உறங்கும்போது ஓடவேண்டிய இயந்திரம் எதுவும் அவ்வீட்டில் இருத்தல் ஆகாது. பகலில் ஈட்டிய வெயிலை இரவில் ஓசையின்றிப் புகையின்றிச் செலவழிக்கும் விசிறி போதும். குளிர்சாதனத்தை அடியோடு விலக்குங்கள் என்றே குடும்பத் தலைவர்களிடம் கூறிவிட்டோம். கொசுவலை அடித்த இரண்டு சாளரங்களும், கூரையில் ஒரு காற்றுப்போக்கியும், வெயில் படும் பக்கத்தில் ஒரு பந்தல் துணியும் இருந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம்மைக் கைவிடாது. இக்காற்றை நம்பித்தானே கேரள மின்வாரியம் இவ்வூரில் காற்றாலைகளை நிறுவியது!

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் ஈய பேட்டரி 150 ஆம்பியர்-மணி என்றால், கணக்கில் 1.8 யூனிட் கொள்ளும். ஆயினும் அதில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் தேயும். ஆக, கைக்கு வருவது 0.9 யூனிட். இரண்டு நாள் தேவைக்கு மூன்று பேட்டரி வேண்டும். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்குமேல். மூன்று பெரியவர்களை இறக்கிவிட்டு மூன்று பேட்டரிகளை ஏற்றிச் செல்வது போன்றது அது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் வகையில் 200 ஆம்பியர்-மணி கொண்ட ஒன்றே 2.5 யூனிட் கொள்ளும். அதில் பெரும்பங்கையும் எடுத்துப் பயன்படுத்தலாம். எடையும் இருபத்தைந்து கிலோ அளவுதான். முதல் விலை கூடுதல். எனினும் சுமக்கும் வண்டிக்கு எடையும் ஒரு விலையே. ஆனால் வெறும் ‘லித்தியம்’ என்று மட்டும் எழுதிய, விவரமறியாத பேட்டரியை மலிவு கருதி வாங்குவதை நாம் விரும்பவில்லை. உறங்கும் கட்டிலுக்கு அடியில் இருக்கப்போவது அது.

கம்பிக்கு வருவோம். இளைஞர்கள் தாமே கம்பி இழுத்துவிடலாம் என்று எண்ணுகின்றனர். 600 வாட் சுமையை வீட்டில் 230 வோல்ட்டில் ஓட்டினால் கம்பியில் மூன்று ஆம்பியர்கூட ஓடுவதில்லை. அதே சுமை 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் ஆகிறது. வீட்டு விளக்குக்கு இழுக்கும் மெல்லிய கம்பியை அங்கே போட்டால் கம்பியே அடுப்பாகும். ரயில் பெட்டிகளில் பழைய 24 வோல்ட்டை விட்டு 110 வோல்ட்டுக்கு மாறியதற்கும் இதுவே காரணம்: வோல்ட் ஏறினால் ஆம்பியர் இறங்கும், கம்பி மெலியலாம், இழப்புக் குறையும். நம் வேனில் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே தக்க ஃப்யூஸ் ஒன்று இருக்க வேண்டும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே கட்டுப்பாட்டுப் பெட்டி வைக்காமல் நேரே இணைத்தல் கூடாது. இணைக்கும்போது முதலில் பேட்டரியைப் பெட்டியோடு இணைத்து, பிறகே தகட்டை இணைக்க வேண்டும். கழற்றும்போது தகட்டை முதலில் கழற்ற வேண்டும். இவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்விக்கலாம். நம் காலனியிலேயே இருக்கிறார்கள்.

தகட்டைக் கூரையில் படுக்கவைப்பதா, சாய்த்து வைப்பதா என்று ஒருவர் வினவினார். வடநாட்டார்க்குச் சாய்வு மிகுதியும் வேண்டும். நாமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொரு பாகைக்கும் உட்பட்டு வாழ்கிறோம். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி முற்பகுதியிலும் கதிரவன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலேயே வந்துவிடுகிறான். படுக்கவைத்தாலும் இழப்புச் சிறிதே. ஆனால் கூரையோடு ஒட்டி வைத்தல் ஆகாது. வெயிலில் தகடு 65 பாகை வரை சுடும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் விளைச்சல் சிறிது சிறிதாகக் குறைந்து, ஏழில் ஒரு பங்கு போய்விடும். அடியில் நான்கு விரற்கடை இடைவெளி விட்டால் காற்றுப் புகுந்து சூட்டைத் தணிக்கும். வேனின் உள்ளும் ஓரளவு குளிரும். தகடே கூரைக்கு நிழல் அல்லவா?

அந்த இடைவெளியே நெடுஞ்சாலையில் எதிரியாகவும் மாறும். 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தகட்டின் அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும். ஆகவே பசையை மட்டும் நம்பாமல், கூரையின் உட்புறம் இரும்புப் பட்டை கொடுத்து, போல்ட்டும் பூட்டு நட்டும் இட்டு இறுக்க வேண்டும். முறுக்கம் தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் தட்டிப் பார்ப்பது நன்று. நிலையத்தில் வண்டியின் சக்கரத்தைத் தட்டிப் பார்த்த பழைய வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துளையிட்ட இடங்களில் நீர் கசியாத பூச்சு வேண்டும். உள்ளே பலகை அடிப்பதற்கு முன்பே நான்கு குடம் நீரைக் கூரையில் ஊற்றிச் சோதித்துவிடுங்கள். இடவப்பாதி மழை வந்து சோதிப்பதற்குள் நாமே சோதித்துவிடலாம்.

நிழல்! இதனைப் பலர் அறியார். தகட்டினுள் சிறு கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ரயில் பெட்டிகளைப் போலக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பெட்டியில் பிரேக் பிடித்துக்கொண்டால் வண்டி முழுதும் தயங்குவது போல, ஒரு கிளையின் நிழல் சில கலங்களின்மேல் விழுந்தால் அவ்வரிசை முழுதும் சோர்ந்துவிடும். அதற்கு மாற்று வழி உள்ளேயே அமைத்திருப்பினும் இழப்பு, நிழலின் அளவைக் காட்டிலும் பெரிதாகவே இருக்கும். ஆனால் வெயிலில் வண்டியை நிறுத்தினால் உள்ளே மனிதர் வேகிறார்கள். மரநிழலில் நிறுத்தினால் தகடு பட்டினி கிடக்கிறது. இச்சிக்கலுக்கு நாம் கூறும் வழி, இரண்டு தகட்டில் ஒன்றைக் கூரையில் பதித்து, மற்றொன்றை நீண்ட கம்பியுடன் தனியே வைத்துக்கொள்வது. வேப்பமரத்தடியில் வேன் நிற்கட்டும். தகட்டை வெட்டவெளியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைக்கலாம். நெல் காயவைக்கும் கூட்டத்தாருக்கு இது கற்றுத்தர வேண்டிய வித்தையன்று. மாடும் பிள்ளைகளும் மிதியாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அவ்வளவே.

தூசியும் ஒரு நிழலே. இவ்வூரின் இரும்புருக்காலைகள் அருகே வாழும் நமக்கு, மாடியில் உலர்த்திய வேட்டியின் நிறமே அதனைச் சொல்லும். வாரம் ஒருமுறை விடியற்காலையில் வெறுநீர் ஊற்றித் துடைத்தால் போதும். நண்பகலில், சுட்டிருக்கும் கண்ணாடிமேல் குளிர்நீர் ஊற்றுவது வேண்டா.

மூணாற்றுக்கும் வாகமண்ணுக்கும் செல்ல விரும்புவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். மலையில் மூடுபனி, ஆனி ஆடியில் நாள்கணக்கில் கதிரவன் முகம் காட்டுவதில்லை. அங்கே தகட்டை மட்டும் நம்புதல் ஆகாது. வேன் ஓடும்போது அதன் என்ஜினில் உள்ள ஆல்டர்னேட்டரிலிருந்து வீட்டு பேட்டரியை நிரப்பும் சிறு கருவி ஒன்று கிடைக்கிறது. ஸ்டோன் நிறுவனத்தார் அச்சில் வாரைக் கட்டிய அதே எண்ணம் இது. மலையேற்றத்தின் மூன்று மணி நேரம் வீணாகாமல் பேட்டரியில் சேரும். ஓடும்போது நிரப்புங்கள், நின்றபின் என்ஜினை அணைத்துவிடுங்கள்.

சமையலுக்கு மின்சாரத்தைத் தொடவே வேண்டா. மின்னடுப்பு ஒன்று ஒன்றரை முதல் இரண்டு கிலோவாட் கேட்கும். ஒரு குக்கர் சோற்றுக்கு ஓர் இரவின் விசிறிக் காற்றை விலையாகக் கொடுப்பதா? எரிவாயு அடுப்பை வண்டிக்கு வெளியே, திறந்தவெளியில் வைத்துச் சமைக்கலாம். நம் பாட்டிமார் வைத்த மூன்று கல்லும் எங்கும் கிடைக்கும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். பதிவு செய்த வண்டியின் அமைப்பை நாம் விரும்பியபடி மாற்றிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதனைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே, 2019 சனவரியில், தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே தகடு வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேட்பது கடமை. வீட்டுக் கூரைச் சோலாருக்கு மைய அரசு 2024-இல் தொடங்கிய திட்டத்தில் மானியம் உண்டு. அது மின்வாரியக் கம்பியோடு இணைந்த வீடுகளுக்கே உரியது. வேனுக்கும் வாங்கித் தருகிறோம் என்று எவரேனும் முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டா.

தங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். வாளையாற்றுக் காட்டின் ஓரத்தில், நிலா வெளிச்சத்தில் நிறுத்தித் தங்க இளைஞர்களுக்கு ஆசை. தண்டவாளம் கடக்கும் யானைகளை நாம் அறிவோம். வாழைத்தோப்பைச் சுற்றிச் சோலார் வேலி போட்டும் அவை வந்துபோகும் கதையையும் அறிவோம். வேனுக்குள் பலாப்பழமும் வாழைத்தாரும் வைத்துக்கொண்டு காட்டோரம் உறங்குவது அவற்றை விருந்துக்கு அழைப்பதாகும். கோயில் திடல், தெரிந்தவர் தோட்டம், ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் ஆகியவை போதும். அங்கும் உரியவரிடம் கேட்டுக்கொண்டே நிறுத்த வேண்டும்.

இனிச் செய்யவேண்டுவது ஒன்றுண்டு. விற்பனையாளருக்கு முன்பணம் கொடுப்பது ஒரு மாதம் நிற்கட்டும் என்று குடும்பத் தலைவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் ஒவ்வொரு வீட்டாரும் வேனில் தமக்கு இன்றியமையாதவை எவை, அவற்றின் அடியில் எழுதியிருக்கும் வாட் எவ்வளவு, எத்தனை மணி நேரம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கட்டடத்துக்குக் கொண்டுவர வேண்டுகின்றோம். பெண்மக்களே எழுதினால் நலம். இரவில் எந்த விளக்கு எப்போது வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும். பேரேட்டுடன் நாம் அங்கே இருப்போம். வேனின் கூரையை அளக்க நாடாவும் ஏணியும் எடுத்துவர இளைஞர் இருவர் முன்வந்துள்ளனர். மழை பெய்தால் அளவெடுப்பது அதற்கடுத்த ஞாயிறு.